கொசுறுக் குருவி

என்ன வே மருமவனே, முழங்கால்ல இருந்து எந்திரிச்சு வாரவரு மூஞ்சியாவே இது? அரை மணி நேரமா உள்ள ஜெபம் பண்ணுனீரு. நான் திண்ணையில ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மாமனுக்குக் காது மந்தம்னு நெனச்சீரோ? எனக்குக் கேக்கணும்னு இருக்கது எல்லாம் நல்லாக் கேக்கும்.

மக நீட் பரிட்ச எழுதியிருக்கா. சரி. நாளைக்கு ரிசல்ட்டு. அதுவும் சரி. ஆனா ஆண்டவர்ட்ட பதிவு எண்ணு, பொறந்த தேதி, மொதல்ல எந்தக் காலேஜு, அது இல்லாட்டி எந்தக் காலேஜு, அதுவும் இல்லாட்டி பிலிப்பைன்ஸுன்னு வரிசையாச் சொன்னீரு பாரும், அங்கதான் எனக்கு வெத்தலை பொரையேறிட்டு. அது ஜெபமாவே? கவுன்சிலிங் பாரம்லா! கடைசியா ஒரு வரி, எல்லாம் உம்ம சித்தம்னு. அது கையெழுத்துப் போடுத எடம். ஆமென் சொல்லி வாசப்படி தாண்டல, அதுக்குள்ள அவர்ட்ட எறக்கி வச்ச கவலையை அள்ளித் திரும்ப மடியில கட்டிக்கிட்டீரு. அவரும் பாவம், ஒம்ம மொகத்தப் பாத்துட்டு சரி கொண்டுட்டுப் போன்னு விட்டுட்டாரு.

கோவிச்சுக்காதேயும். நீரு ஒருத்தர்தான் இப்படின்னு நான் சொல்ல வரல. நம்ம சபையில கவலைக்குன்னு ஒரு தனி மரியாத உண்டும். கவலைப்படாம இருக்கவன் பொறுப்பில்லாதவன். வெள்ளிக்கிழம உபவாச ஜெபத்துல பாரும், ஜெபக்குறிப்பு சொல்லுங்கன்னா மொத ஆளா எந்திரிச்சு, இன்னார் வீட்டு மருமவ கோவிச்சுக்கிட்டுத் தாய் வீடு போயிட்டாளாம், அதுக்காகப் பாரத்தோட ஜெபிச்சுக்கிடுங்கன்னு சொல்லுதாவ. அதுவரைக்கும் அந்தச் சேதி ரெண்டு வீட்டுக்குத்தான் தெரியும். பொறவு சேகரம் பூராவும் பாரம்!

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுப்பாவ தெரியும்லா? தட்டுல கைய விட்டு ஒண்ணு எடுத்தா அந்த வருசத்துக்கு அதுதான் வாக்கு. எனக்கு முன்னால நின்ன ஆளு ஒண்ணு எடுத்தாரு, கண்ணாடியத் தூக்கி வாசிச்சாரு, உபத்திரவம்னு ஏதோ ஒரு சொல்லு பட்டிருக்கும் போல, அப்படியே நைசாத் தட்டுக்குள்ள போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்தாரு. ரெண்டாவது எடுத்தது ஆசீர்வாதம். அல்லேலூயான்னாரு. அவரு போட்டுட்டுப் போன உபத்திரவம் எனக்கு வந்து சேந்துச்சு. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, மூட்டு வலியைத் தவிர.

அப்புறம் ஒங்க வாட்சப்பு. காலம்பற அஞ்சு மணிக்குக் குடும்பக் குரூப்புல, பயப்படாதேன்னு ஒரு வசனம் பூப்படத்தோட. அஞ்சரைக்கு அதே ஆளுட்ட இருந்து, முருங்கக்கீரைய ராத்திரி தின்னா கிட்னி போயிரும்னு ஒரு சேதி. பயப்படாதேன்னு சொன்ன அதே கைதானேவே இதையும் தட்டுச்சு?

சரி, வேதத்துக்கு வாரேன். லூக்கா 12ஆம் அதிகாரம். நீரு அதுல குருவியையும் காக்காவையும் மட்டும் பொறுக்கி எடுத்துச் சொவத்துல மாட்டிக்கிட்டீரு. கவலைப்படாதேங்கன்னு ஏசுசாமி சொல்லுததுக்கு முந்தி என்ன கத சொல்லுதாரு? ஒரு பண்ணையாரு, அமோக வெளச்சல், பழைய களஞ்சியத்த இடிச்சுட்டுப் பெருசாக் கட்டப் போறேன்னு கணக்குப் போடுதாரு. அன்னைக்கு ராத்திரியே சோலி முடிஞ்சுருது. இந்தக் கதைக்குப் பொறவுதான் காக்கா வருது. அப்போ கவலைங்கது இல்லாதவனுக்கு மட்டும் உள்ள சீக்கு இல்ல. இருக்கவனுக்குத்தான் அது முத்திப் போயி வரும்.

அவரு யாருட்ட சொன்னாரு, அதையும் பாக்கணும்லா. வலையில மீன் பட்டாத்தான் அடுப்பெரியும்னு இருந்த ஆளுங்க. ரோமாக்காரன் வரி ஒரு பக்கம், கூலி கெடைக்குமோ கெடைக்காதோன்னு சந்தை மூலையில நின்ன சனம். நாளைக்குச் சோறு என்னன்னு நெசமாவே தெரியாதவனப் பாத்துச் சொன்ன சொல்ல, பாங்குல பிக்சட் டெபாசிட் போட்டுட்டு வட்டி கால் சதவீதம் கொறஞ்சதுக்குத் தூக்கம் வராத நீரு எடுத்துக்கிட்டீரு. எடுத்துக்கிடும், வேண்டாங்கல. யாருக்குச் சொன்னதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு எடுத்துக்கிடும்.

அந்தக் குருவி வெலைய எப்பவாவது கவனிச்சீரா? மத்தேயு 10ல ஒரு காசுக்கு ரெண்டு குருவி. லூக்கா 12ல ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்குப்படி நாலுதானே வரணும்? அஞ்சாவது எங்கேருந்து வந்துச்சு? கொசுறு வே! சாத்தாங்கொளம் சந்தையில ரெண்டு கூறு கத்திரிக்காய் வாங்குனா அம்மாமாரு கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு மொளகாய எடுத்துக் கூடையில போட்டுக்கிடுவாவல்லா, அந்தக் கொசுறு. வெலையே இல்லாத உருப்படி. அந்தக் கொசுறுக் குருவியையும் மறக்கதில்லன்னுதான் அங்க சொல்லியிருக்கு. நீரு என்னன்னா, மக மார்க்கு கொறஞ்சா ஆண்டவரு கணக்குல அவ வெலை கொறஞ்சுருங்கத மாதிரில்லா புலம்புதீரு.

காக்கா வெதைக்கதில்ல அறுக்கதில்லன்னு கேட்டதும் கால நீட்டிப் படுத்துக்கிடுத கூட்டம் ஒண்ணு இருக்கு. அவனுக்கும் ஒரு வார்த்த சொல்லணும். சொல்லணும்னா நான் பனையில ஏறித்தான் சொல்லணும், எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடம் அது ஒண்ணுதான்.

மாசி பொறந்தா பாளை விடும். எடுத்த எடுப்புல அருவாள வச்சிர முடியாது. கடிப்பு வச்சுப் பதமா நசுக்கி, நாலஞ்சு நாளு பாளைய வசத்துக்குக் கொண்டு வரணும். அப்புறம் பாளை அருவாளால நுனியச் சீவணும். எம்புட்டு? வெத்தல கனம். கூடச் சீவுனா பாளை சுருக்கத் தீந்துரும், கொறச்சுச் சீவுனா சொட்டாது. காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம். ஒரு நாளு ஏறலன்னா வெட்டுவாய் காஞ்சு ஊத்து அடைச்சுக்கிடும். காச்சல், கல்யாண வீடு, கட்சிக் கூட்டம்னு சொன்னாப் பனை கேக்காது. கலயத்து உள்பக்கம் சுண்ணாம்பு தடவணும். தடவாம விட்டீரு, வெயிலு ஏறுததுக்குள்ள புளிச்சுக் கள்ளாயிரும், அடுத்த ஞாயித்துக்கிழம ஐயரு பிரசங்கம் பூரா ஒம்மப் பத்தித்தான் இருக்கும்.

இம்புட்டும் என் சோலி. முறுக்குத்தடியச் சாச்சு வைக்கதும், தளைநார மாட்டதும், நெஞ்சு தேய ஏறுததும், சீவுததும் என் சோலி. சொட்டுதது என் சோலி இல்ல. பாளைய வெட்டிக் கலயத்த மாட்டிட்டு, விழுதா விழுதான்னு உச்சியிலயே ஒக்காந்து உள்ள எட்டிப் பாத்துக்கிட்டிருந்தா ஒரு சொட்டு கூடுதலா விழுமா? எறங்கி அடுத்த பனைக்குப் போகணும். எங்க அப்பா காலத்துல நாப்பது அம்பது பனை ஏறுதவன் இருந்தான். ஒவ்வொண்ணுலயும் நின்னு கவலைப்பட்டிருந்தாம்னா அவன் மூணாவது பனையிலேயே கெழவனாயிருப்பான்.

இன்னொண்ணும் கேளும். இன்னைக்கு எறக்குன பதனி இன்னைக்குத்தான் பதனி. நாளைக்கு வேணும்னா விடிலியில அடுப்ப மூட்டி, பொக கண்ணக் கரிக்க நின்னு, கூப்பதனி பதம் பாத்து, செரட்டையில ஊத்திக் கருப்பட்டியா ஆக்கணும். அத ஆக்கதும் இன்னைக்குத்தான். அதனால சேமிக்கக் கூடாதுன்னு நான் சொல்லுதேன்னு ஊரெல்லாம் போயிச் சொல்லிராதேயும், ஒம்ம அத்த என்னைய வெளக்குமாத்தால அடிப்பா. கருப்பட்டிய மச்சுல பொகைக்கு மேல அடுக்கி வச்சு மழைக்காலத்த ஓட்டுன வீடுதான் இது. பதனியப் பதனியாவே பானைக்குள்ள பொத்தி வச்சு நாளைக்குப் பாப்போம்னவன் வீட்டுல விடிஞ்சா நாத்தம்தான்.

வனாந்தரத்துல இஸ்ரவேல் சனத்துக்கும் இதேதான் நடந்துச்சு, யாத்திராகமம் 16ல இருக்கு. தலைக்கு ஒரு ஓமர் மன்னா. அன்னன்னைக்குப் பொறுக்கணும், அன்னன்னைக்குத் திங்கணும். ஒண்ணு ரெண்டு பேரு, நாளைக்கு வராட்டின்னு பத்திரம் பண்ணி வச்சான். காலையில பாத்தா புழு. கொற சொல்லாதேயும், அவன் நம்ம சொந்தக்காரனாத்தான் இருக்கணும். ஆனா ஆறாம் நாளு மட்டும் ரெண்டு மடங்கு எடுத்து வைக்கச் சொன்னாரு, அது கெடல. வைக்கச் சொன்னத வச்சாக் கெடாது. பயத்துல வச்சதுதான் புழுத்துச்சு. இன்சூரன்ஸ் கட்டாதன்னோ பீஸுக்குப் பணம் சேக்காதன்னோ ஒமக்கு எவனாவது பிரசங்கம் பண்ணுனா, இந்த ஆறாம் நாளக் காட்டும்.

அஞ்சு அப்பம் கதையில பிலிப்பு இருக்காருல்லா, அவரு மேல எனக்கு ஒரு பிரியம். கூட்டத்தப் பாத்த ஒடனே எரநூறு பணத்துக்கு அப்பம் வாங்குனாலும் ஆளுக்கு ஒரு துண்டு தேறாதுன்னு கணக்குச் சொன்னாரு. நம்ம அசனக் கமிட்டிப் பொருளாளரு பாத்தீராவே அது! போட்ட கணக்கு தப்பில்ல, ஏசுசாமியும் அவர வையல. சாப்பிட்டு முடிச்ச பொறவு மீந்தத வீணாக்காமப் பொறுக்கச் சொல்லி, பன்னெண்டு கூடை எண்ணி எடுக்க வச்சாரு. அள்ளிக் குடுக்கவரே மீதிக்குக் கணக்குப் பாக்காரு. இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு ஊருல ஜார்ஜ் முல்லர்னு ஒருத்தரு, 1836ல அநாதப் புள்ளைங்களுக்கு வீடு தொறந்தாரு. எவன்ட்டயும் கைநீட்டிக் கேக்கலை, ஜெபம் மட்டும்தான்னு பெரிய பேரு. ஆனா வந்த காசு ஒவ்வொண்ணையும் எழுதிக் கணக்குப் புத்தகம் போட்டவரும் அவருதான். நம்ம ஆளு அதுல பாதியத்தான் பிடிச்சுக்கிட்டான். ஜெபம் மட்டும் போதுமாம், கணக்கு கேட்டா அவிசுவாசமாம்.

இப்ப ஒரு காரியம் சொல்லுதேன், சிரிக்காமக் கேளும்.

அப்போஸ்தலர் 27ல பவுலு போன கப்பலு. கோதும ஏத்துன கப்பலு, 276 பேரு, பதினாலு ராத்திரி புயலு, சூரியனும் தெரியல நச்சத்திரமும் தெரியல. ஒருத்தருக்கும் உசுருச் சேதம் இல்லன்னு தேவதூதன் வந்து பவுலுட்ட சொல்லிட்டாரு. சொல்லியாச்சுல்லா, போயிப் படுத்தாராவே? இல்லை. கப்பக்காரனுவ நங்கூரம் போடுத மாதிரி நடிச்சுப் படக எறக்கி ஓடப் பாத்தானுவ. பவுலு கண்டுபிடிச்சு, இவனுவ போயிட்டா ஒங்களுக்குத் தப்புத வழி இல்லன்னு நூத்துக்கு அதிபதிட்டச் சொல்லுதாரு. விடியப் போகுத நேரம், எல்லாரும் சாப்பிடுங்கடேன்னு அப்பத்த எடுத்து ஸ்தோத்திரம் பண்ணி, தானே மொதல்ல தின்னு காட்டுதாரு. அத்தன பேருக்கு நடுவுல பசிச்ச வயித்துக்குச் சோத்த ஞாபகப்படுத்துனது அந்தக் கைதி ஒருத்தருதான்.

கடைசியில என்ன ஆச்சு? நீந்தத் தெரிஞ்சவன் நீந்துனான், மத்தவன் பலகையப் பிடிச்சான், அத்தன பேரும் மெலித்தா தீவுல கரையேறுனாவ. கப்பலு? கப்பலு ஒடஞ்சு போச்சு. கோதுமையயும் முந்தியே கடல்ல கொட்டியாச்சு. ஆளு கரை சேரும்னுதான் வாக்கு, கப்பலு சேரும்னு யாரும் வாக்குக் குடுக்கல. மருமவனே, நீரு உள்ள அரை மணி நேரம் ஜெபிச்சது மகளுக்கு இல்ல வே, கப்பலுக்கு.

அந்தப் புள்ள மொகத்த இன்னைக்குப் பாத்தீரா? நான் பாத்தேன். காலையில இட்லிய மூணாப் பிட்டுப் பிட்டு வச்சுட்டுத் திங்காம எந்திரிச்சுப் போனா. ரிசல்ட்டப் பத்தி அவளுக்கு இருக்கது ஒரு பங்கு பயம்னா, அப்பா மூஞ்சி எப்படி ஆகுமோங்கது மூணு பங்கு. இந்தப் பரிட்சைக்கு உசுர விட்ட புள்ளைங்க சேதி பேப்பர்ல வரத்தான் செய்யுது. அதெல்லாம் அடுத்த வீட்டுப் புள்ளைன்னு நெனைக்காதேயும். நாளைக்குச் சீட்டு கெடைச்சா ஸ்தோத்திரம், கெடைக்கலன்னா மத்தியானம் மீன் கொழம்புன்னு அவட்ட இன்னைக்கு ராத்திரியே சொல்லிரும். மீன் நான் வாங்கித் தாரேன். ரெண்டுல எது நடந்தாலும் மீன் கொழம்புதான், அது வேற விசயம்.

கப்பலு ஒடஞ்ச பொறவும் ஆண்டவர நம்புதது எப்படின்னு தெரியணும்னா டோனாவூருக்குப் போயிட்டு வாரும். ஏமி கார்மைக்கேல் அம்மா, அயர்லாந்துல இருந்து வந்தவிய, 1901ல இருந்து கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப் போன புள்ளைங்களையும் போக்கிடம் இல்லாத புள்ளைங்களையும் எடுத்து வளத்தாவ. மனுசங்கட்டப் பணம் கேக்கக் கூடாதுன்னு வைராக்கியம். 1931ல ஒரு நாளு குழியில தவறி விழுந்தாவ. அன்னையில இருந்து 1951ல கண்ண மூடுத வரைக்கும் அநேகமாக் கட்டிலுதான். அம்புட்டு ஜெபம் பண்ணுனவியளுக்கு ஏன் சொகம் கெடைக்கலன்னு எனட்டக் கேக்காதேயும், எனக்குத் தெரியாது, தெரியும்னு சொல்லுதவன்ட்ட இருந்து கொஞ்சம் தள்ளி நிப்பேன். அவிய கட்டில்ல கெடந்துக்கிட்டே புத்தகம் புத்தகமா எழுதுனாவ. கல்லறையில கல்லு நாட்டி வைக்கல, குருவி தண்ணி குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கு.

இனி ஒண்ணே ஒண்ணு பாக்கி. கவலைப்படாதீங்கங்க வசனத்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நமக்கு நாமே வாசிச்சுக்கிடலாம். அடுத்தவன் அடுப்பு எரியாம இருக்கும்போது அவன் வீட்டு நடையில நின்னு வாசிக்கக் கூடாது. அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல, செலவ மிச்சம் பிடிக்கது. நம்ம ஆச்சிமாரு ஒலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியில ஒரு பிடிய எடுத்துத் தனிப் பானையில போடுவாவ, பிடியரிசின்னு கோயிலுக்குக் கொண்டு போவாவ. அன்னைக்கு வீட்டுல இருந்ததே நாலு பிடியாத்தான் இருக்கும். பனங்காட்டுச் சபைங்க, மழைக்காலம் வந்தா வியாபாரிட்ட முன்பணம் வாங்கித் தின்ன சனம். அதுவ சேந்துதான் 1903ல இந்திய மிஷனரி சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வெள்ளக்காரன் காசு வேண்டாம், நம்ம காசு, நம்ம ஆளுன்னு ஊழியம் அனுப்புனாவ. நாளைக்கு என்ன செய்வோம்னு அவியளும் யோசிச்சிருப்பாவ. பிடிய அள்ளிப் போட்டுட்டு யோசிச்சிருப்பாவ, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

போனக் கீழ வையும். தெக்குத் தெருவுல கோயில் கூட்டுத ஆச்சி வீட்டுக் கூரைய ஆனிக்காத்து ஒரு பக்கமாப் பேத்துப் போட்டுட்டு. தேரி மண்ணு உள்ள வந்து விழுது, அவிய சோத்துப் பானைய மூடி மூடிச் சாப்பிடுதாவ. ஓலை நான் சொல்லி எறக்கிப் போட்டாச்சு. மேல ஏறிக் கட்டதுக்குத்தான் ஆளில்ல, எனக்கு இனி ஏணி ஆகாது. காலையில ஏழு மணிக்கு வாரும். மகளையும் கூட்டிட்டு வாரும், கீழ நின்னு ஓலை எடுத்துக் குடுக்கட்டும். ரிசல்ட்டு எத்தன மணிக்கு, பத்துக்கா? கூரை மேல டவர் கெடைக்குமான்னா கேக்கீரு? அங்க நல்லாவே கெடைக்கும். ஆனா ரெண்டு பேரு போனும் ஆச்சி மடியில இருக்கும். அவியளுக்கு அதத் தொறக்கத் தெரியாது, அதனாலதான் அவிய மடி.